கைஜூ: சொல்லும் அதன் தமிழும்

செய்தித்தாளில் ‘ராட்சத’ என்ற சொல்லைப் பார்க்காமல் ஒரு வாரத்தை ஓட்டுவது கஷ்டம். ராட்சதக் குழாய் உடைந்து குடிநீர் வீணானது, ராட்சத அலை படகைக் கவிழ்த்தது, திருவிழாவில் ராட்சத ராட்டினம். இங்கெல்லாம் ராட்சதனும் இல்லை, இராவணனும் இல்லை. ‘ரொம்பப் பெரிய’ என்று சொல்வதோடு அந்தச் சொல்லின் வேலை முடிந்துவிடுகிறது. பழைய ஜப்பானியப் படங்களில் கடலிலிருந்து எழுந்து வந்து டோக்கியோவை மிதிக்கும் உருவங்களையும் நாம் இதே மூட்டைக்குள்தான் கட்டிப்போடுகிறோம்: ‘ராட்சத மிருகம்’. ஜப்பானியர் அவற்றுக்கு வைத்திருக்கும் சொல் கைஜூ. அந்தச் சொல்லுக்குள் ‘பெரிய’ என்ற பொருளே கிடையாது.

நாம் மட்டும் தவறிவிடவில்லை. 2013இல் வந்த ‘பசிபிக் ரிம்’ என்ற ஹாலிவுட் படம், தொடக்கத்திலேயே அகராதி போல இந்தச் சொல்லைத் திரையில் காட்டி, ‘மாபெரும் விலங்கு’ என்று பொருள் எழுதியது. இன்று உலகில் பாதிப்பேருக்கு அந்தச் சொல் அறிமுகமானது அப்படித்தான்.

கைஜூ என்பது இரண்டு சித்திர எழுத்துகளின் சேர்க்கை. ‘ஜூ’ எளியது; விலங்கு, அதிலும் காட்டு விலங்கு. சிக்கலும் சுவையும் ‘கை’யில்தான் இருக்கிறது. (நம் கைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) விளங்காதது, இயல்புக்கு மாறானது, மனத்தைக் குழப்புவது என்றெல்லாம் அந்த எழுத்துக்குப் பொருள் விரிகிறது. அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். பேய்க்கதைக்கு ஜப்பானியத்தில் ‘கைதான்’. நாட்டார் கதைகளில் வரும் பேய், பிசாசு, குறும்பு ஆவிகள் எல்லாம் ‘யோகாய்’. அதிலும் இதே எழுத்துதான். ஒருவர் நடமாட்டம் சந்தேகமாக இருந்தால் ‘அயாஷீ’ என்பார்கள்; அதையும் இந்த எழுத்தால் எழுதலாம். பாரிஸ் ஓப்பரா அரங்கில் முகமூடியோடு ஒளிந்து திரியும் மனிதனைப் பற்றிய புகழ்பெற்ற பிரெஞ்சு நாவலின் ஜப்பானியத் தலைப்பில் அவன் ‘கைஜின்’, அதாவது விளங்கா மனிதன். ஆக இந்தக் குடும்பத்தின் பொதுச்சொத்து அளவு அல்ல, புதிர்.

சொல் சீனத்திலிருந்து வந்தது. ‘மலை கடல் நூல்’ என்று பொருள்படும் பழஞ்சீன நூலான ‘ஷான் ஹாய் ஜிங்’, இன்ன மலையில் இன்ன விசித்திர விலங்குகள் உண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். அங்கேயே இந்த இரட்டை எழுத்து இருக்கிறது. கொரியர்களும் இதே எழுத்துகளை ‘குவேசு’ என்று படிக்கிறார்கள். ஜப்பானில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின், மேற்கிலிருந்து வந்த தொல்லுயிர் பற்றிய செய்திகளுக்கும் தொலைதூரக் கடல்களில் யாரோ கண்டதாகச் சொன்ன உயிர்களுக்கும் இந்தச் சொல் பயன்பட்டது. சினிமா அப்புறம்தான் வருகிறது.

ஒரு குறும்பான தகவல். ‘கைஜூ’ என்று ஒலிக்கும் இன்னொரு சொல்லும் ஜப்பானியத்தில் உண்டு. எழுத்து வேறு, பொருள் கடல் விலங்கு. திமிங்கிலம், கடல்நாய் எல்லாம் அதில் அடங்கும். கைஜூக்களின் தலைவன் கடலிலிருந்து வருவதும், அவன் பெயரிலேயே ஒரு திமிங்கிலம் ஒளிந்திருப்பதும் தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கலாம்.

அந்தப் பெயர் கொஜிரா. முதல் எழுத்தைக் ‘கொரில்லா’வில் வருவது போல ஒலிக்க வேண்டும். கொரில்லாவின் ஜப்பானிய வடிவமான ‘கொரிரா’வையும் திமிங்கிலம் என்று பொருள்படும் ‘குஜிரா’வையும் ஒட்டிச் செய்த பெயர் அது. படத்தைத் தயாரித்த டோஹோ ஸ்டூடியோவில் அந்தப் பட்டப்பெயர் வாங்கிய ஒரு பருமனான ஊழியரிடமிருந்து எடுத்தது என்று ஒரு கதையும் உண்டு; அந்த ஊழியர் யார் என்று யாரும் நிரூபித்ததில்லை. அமெரிக்கா போனதும் கொஜிரா ‘காட்ஸில்லா’ ஆயிற்று. அந்த எழுத்துக்கூட்டலில் ஆங்கிலேயரின் கடவுள் வந்து உட்கார்ந்துகொண்டார். மூலப்பெயரில் கடவுள் இல்லை. இப்படிப் பெயர் கட்டுவது பின்னால் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆமைக்கு ஜப்பானியத்தில் ‘காமே’, அதிலிருந்து காமெரா. இறாலுக்கு ‘எபி’, அதிலிருந்து எபிரா. ‘மாத்’ என்ற ஆங்கில அந்துப்பூச்சி மொசுராவானது. வாலில் ஒரு ‘ரா’ போட்டால் கைஜூ தயார்.

கொஜிரா திரைக்கு வந்தது 1954 நவம்பர் 3. அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஆபத்தானது என்று அறிவிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘டைகோ ஃபுகுர்யூ மாரு’ என்ற ஜப்பானியப் படகின் மேல் கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றார்கள். படகின் வானொலிக் கருவியை இயக்கிவந்த ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். ஒன்றரை மாதத்துக்குள் படம் வெளியாகிறது. அதன் முதல் காட்சியில் கடலில் ஒரு கப்பல், தண்ணீருக்கடியில் திடீரென்று பேரொளி, கப்பல் போய்விடுகிறது. அரங்கில் இருந்தவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விளம்பரத்திலேயே ‘ஹைட்ரஜன் குண்டு மாபெரும் கைஜூ படம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த ‘மாபெரும்’ என்பதற்குத் தனிச்சொல் இருக்கிறது: ‘தாய்’ (அம்மாவைக் குறிக்கும் நம் சொல் அல்ல). தாய் சேர்த்தால்தான் ‘தாய்கைஜூ’, பெருங்கைஜூ. 1956இல் வந்த ராடானுக்கும் 1965இல் வந்த காமெராவுக்கும் ஜப்பானியத் தலைப்பிலேயே தாய்கைஜூ என்று இருக்கிறது. அளவு அந்த முன்னொட்டின் வேலை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சான்று இன்னும் ஒன்று உண்டு, அதுவும் வேடிக்கையானது. கொஜிராவின் தந்திரக் காட்சிகளை உருவாக்கிய எய்ஜி சுபுராயாவின் நிறுவனம் 1966இல் தொலைக்காட்சிக்கு ‘அல்ட்ரா கியூ’, ‘அல்ட்ராமேன்’ தொடர்களைத் தந்தபோது, ஜப்பானியக் குழந்தைகள் கைஜூப் பித்துப் பிடித்து அலைந்தார்கள். அவற்றில் பிக்மோன் என்று ஒரு கைஜூ வரும். உயரம் ஒரே ஒரு மீட்டர். கானெகோன் என்று இன்னொன்று: காசாசை பிடித்த ஒரு பையன் காசு தின்னும் பிராணியாக மாறிவிடுகிறான், கதவில் தலை இடிக்கும் உயரம்தான். இவை இரண்டையும் ‘ராட்சத மிருகம்’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

சுபுராயா பெயர் வந்துவிட்டதால், இந்தப் படங்களோடு எப்போதும் ஒட்டி வரும் இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன்: ‘தொகுசாட்சு’. சிறப்புப் படப்பிடிப்பு என்ற நீண்ட தொடரின் சுருக்கம். ரப்பர் உடைக்குள் ஆள், சுற்றிலும் பொம்மை நகரம், வேகமாகச் சுழலும் கேமரா. முதல் கொஜிராவின் கதைப்படி உயரம் 50 மீட்டர். நகரத்தை 25இல் ஒரு பங்காகக் கட்டினார்கள். 50ஐ 25ஆல் வகுத்தால் 2 மீட்டர். உள்ளே ஓர் ஆள் நிற்கலாம். உள்ளே நின்றவர் ஹருவோ நகாஜிமா. நடை பழக மிருகக்காட்சிச் சாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டிருந்தவர். கேமராவை வேகமாக ஓடவிட்டு எடுத்து இயல்பு வேகத்தில் ஓட்டினால், கால் மெதுவாக இறங்கும், தூசு மெதுவாக எழும், எடை கூடிவிடும். உறுமலோ எந்த விலங்கினுடையதும் அல்ல. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பாஸ் வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து எடுத்த ஒலி அது. கேட்பவருக்கு அது அழுகையா கோபமா என்றே பிடிபடாது. ‘கை’ என்ற எழுத்து காதில் விழுந்தால் இப்படித்தான் இருக்கும் என்பேன்.

சரி, பார்க்கத் தொடங்குகிறவர் எங்கே தொடங்குவது? 1954 கொஜிராவில்தான், அதுவும் 96 நிமிட ஜப்பானிய வடிவத்தில். 1956இல் அமெரிக்காவில் ஒரு நிருபர் பாத்திரத்தைப் புதிதாகச் செருகி, 80 நிமிடமாக வெட்டிய வடிவம் வேறு. மூலத்தில் ரயிலில் போகும் ஒரு பெண் ‘நாகசாகியிலிருந்து தப்பி வந்தேன், இப்போது இதுவா’ என்று சலித்துக்கொள்வாள். அந்த ஒற்றை வரிக்காகவே மூலத்தைப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளை என்று தயங்க வேண்டாம். பெரும்பாலும் இரவில் நடக்கும் படம், இருட்டுதான் அதன் பலம்.

அடுத்து 1961 மொசுரா. நிறமும் பாட்டும் உள்ள படம். உள்ளங்கையில் நிற்கும் இரட்டைச் சிறுமங்கையர், ஒரு தீவின் தெய்வமான அந்துப்பூச்சியைப் பாடி அழைப்பார்கள். பாட்டின் சொற்கள் மலாய்–இந்தோனேசிய மொழியில் இருக்கின்றன. கூர்ந்து கேட்டால் அதில் நம் ‘சக்தி’ காதில் விழும். வடமொழியிலிருந்து அந்த மொழிக்கும் போன சொல் அது. பிறகு 1964இன் இரண்டு படங்கள்: மொசுராவும் கொஜிராவும் மோதுவது ஒன்று, மூன்று தலை கிடோரா வருவது மற்றொன்று. இரண்டாவதில் கொஜிரா மனிதர் பக்கம் சாயத் தொடங்குகிறது. அங்கிருந்து 1970கள் வரை குழந்தைகளுக்கான படங்களே அதிகம். உங்களுக்குள் ஒரு பத்து வயதுப் பையன் இருந்தால் போங்கள். இல்லையென்றால் நேராக 1995, 1996, 1999இல் ஷூசுகே கனெகோ எடுத்த மூன்று காமெரா படங்களுக்குத் தாவிவிடலாம். 2023 ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் வாங்கியதை எல்லோரும் அறிவர். அதைக் கடைசியில் பார்த்தால்தான் அது 1954க்குத் திரும்பிப் போவது புரியும்.

இனித் தமிழ். ராட்சதன், அரக்கன், அசுரன் மூவரும் ஆட்கள். பேசுவார்கள், வரம் கேட்பார்கள், தங்கைக்காகச் சண்டைக்கு வருவார்கள். விலங்குக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பூதம் நெருங்கி வந்தாலும், ‘பூதாகாரம்’ என்று அதுவும் அளவில் போய் விழுந்துவிட்டது. சிலர் யாளி என்கிறார்கள். கோயில் தூணில் நிற்கும் யாளி விளங்கா விலங்குதான், மறுக்கவில்லை. ஆனால் அது குறிப்பிட்ட ஒரு விலங்கின் பெயர். மொசுராவை யாளி என்றால் தூணில் இருப்பது கோபித்துக்கொள்ளும்.

எனக்கு வழி காட்டியது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். வியப்பை அது ‘மருட்கை’ என்கிறது, அது எதனால் பிறக்கும் என்றும் சொல்கிறது:

“புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு
மதிமை சாலா மருட்கை நான்கே”

முன்பு காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக ஆவது. கைஜூப் படத்தின் சரக்குப் பட்டியல் போலவே இருக்கிறது: யாரும் கண்டிராத உடல், 50 மீட்டர் உயரம், உள்ளங்கை மங்கையர், புழு அந்துப்பூச்சி ஆவதும் பையன் கானெகோன் ஆவதும். பெருமை இங்கே நான்கில் ஒன்று மட்டும் என்பதைக் கவனியுங்கள். அடுத்த நூற்பா அச்சத்துக்குக் காரணம் சொல்லும்போது அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று எண்ணுகிறது. முதல் இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். ‘கை’யும் ‘ஜூ’வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

அணங்குவிலங்கு என்று சொல்லலாமா? நாக்கு தடுமாறுகிறது, அணங்கு இன்று அழகிய பெண்ணாகவும் ஆகிவிட்டது. எனவே என் தேர்வு ‘மருள்’. மயக்கம், வியப்பு என்ற பொருளோடு பேய் என்ற பொருளும் அகராதியில் அதற்கு உண்டு. சாமியாடுபவரை மருளாடி என்கிறோம். மாடு மிரண்டது என்று பேச்சில் சொல்வதும் அதன் பக்கத்து வீடுதான். ஆக கைஜூ என்பது மருள்விலங்கு. தாய்கைஜூ பெருமருள்விலங்கு, கைஜின் மருள்மனிதன். ஒரு வேர் குடும்பம் முழுவதையும் தாங்குகிறது என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்ற மரபைப் பிடித்து ‘மருள்மா’ என்று சுருக்கவும் ஆசை வந்தது. ஆனால் யாழ்ப்பாண நண்பர் ஒருவர் கேட்டதும் ‘அது என்ன மா, இடியப்பத்துக்கா?’ என்றார். விட்டுவிட்டேன்.

நுட்பமாகப் பார்த்தால் விலங்கிலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. விலங்குதல் என்றால் குறுக்காக இருத்தல். உடல் கிடைமட்டமாக நடப்பதால் அந்தப் பெயர். கொஜிராவோ இரண்டு காலில் நிமிர்ந்து வருகிறது. உள்ளே இருப்பது நகாஜிமா ஆயிற்றே, வேறெப்படி வரும்?

எழுதும்போது முதல் தடவை ‘கைஜூ எனப்படும் மருள்விலங்கு’ என்று எழுதிவிட்டு, பிறகு எது வாயில் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். கைஜூ என்ற சொல்லை ஒதுக்க வேண்டியதில்லை, சுனாமியையே வைத்துக்கொண்டோம். ‘ராட்சத’வை மட்டும் குழாய்க்கு விட்டுவிடுங்கள். 1954 படத்தில் யமானே என்ற தொல்லுயிர் அறிஞர், எல்லோரும் கொஜிராவைக் கொல்வதையே பேசுகிறார்களே, அவ்வளவு கதிரியக்கத்திலும் அது எப்படி உயிரோடிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே என்று மனம் உடைந்து உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் ராட்சதனைப் பார்க்கிறார்கள். அவர் ஒருவர்தான் அந்தப் படத்தில் கைஜூவைப் பார்ப்பவர்.