சொல் விளக்கம்: வால்வு

சைக்கிள் டியூப் முதல் இதயம் வரை நாம் சரளமாகப் புழங்கும் சொல் இது. லத்தீனில் ‘வால்வா’ என்றால் மடிப்புக் கதவின் ஒரு பலகை. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. தமிழில் அடைப்பிதழ், ஓரதர் என்று இரண்டு சொற்கள் உண்டு. ஓர் + அதர் = ஓரதர். அதர் என்றால் வழி. சங்கப் பாடல்களில் காட்டுவழியையும் மலைவழியையும் பேசும் இடங்களில் வரும். ஓரதர், அதாவது ஒருவழி, அழகான சொல்தான், ஆனால் எல்லா வால்வுக்கும் பொருந்தாது. ஹைட்ரஜன் காரைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

டொயோட்டா மிராய் போன்ற கார்களில் கார்பன் இழை சுற்றிய தொட்டிக்குள் எரிபொருளான ஹைட்ரஜன் வாயு 700 பார் அழுத்தத்தில் இருக்கும். சாதாரண கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். நிரப்பும் வாயில் உள்ள வால்வு வாயுவை உள்ளே மட்டும் விடும். இது அசல் ஓரதர். வேகமாக நிரப்பும்போது வாயு சூடேறும். தொட்டி 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதால் மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்தே பம்பு அனுப்புகிறது.

தொட்டியின் வாயில் இருப்பது மின்சாரத்தால் திறக்கும் வால்வு. மோதலோ கசிவோ உணரப்பட்டால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு அது மூடிக்கொள்ளும். இதற்கு ‘அடைப்பிதழ்’ கச்சிதம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. காரில் தீப்பிடித்து வெப்பம் ஏறக்குறைய 110 டிகிரியைத் தொட்டால் இது திறந்துகொள்ளும், அப்புறம் மூடாது. சில வகைகளில் திரவம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழ் வெடித்து வழிவிடும். வேண்டுமென்றேதான் வாயுவை வெளியேற்றுகிறார்கள். தீயில் இழைச்சுவர் வலுவிழந்து, அழுத்தம் குறையாத தொட்டி வெடிப்பது அதைவிடப் பல மடங்கு ஆபத்து. ஹைட்ரஜன் காற்றைவிட சுமார் 14 மடங்கு லேசானது. திறந்தவெளியில் மேலே போய்க் கலைந்துவிடும். இதை ‘வெப்பத் திறப்பான்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

பொதுப்பெயராக வால்வு என்றே எழுதினாலும் சரி. ஆனால் பாதுகாப்புக் கையேட்டில் மூன்றையும் ஓரதர் என்று எழுதிவிடக் கூடாது. தீயணைக்க வருபவருக்கு எது மூடும், எது திறக்கும் என்று பெயரிலேயே தெரிய வேண்டும். திறப்பானிலிருந்து பீறிடும் வாயு பற்றிக்கொண்டால், அந்தச் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது.