பரீட்சை முடிந்துவிட்டது, பிள்ளைகளை வெளிச்சத்துக்குக் கூட்டிப் போங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள மரங்களுக்குப் புது உயிர் வந்துவிடும். அரசமரம் செம்பு நிறத்தில் துளிர்விடும். புங்கை பழைய இலையை உதிர்த்துவிட்டுப் பளபளவென்று இளம்பச்சையில் நிற்கும். வேம்பு பூத்துத் தெருவே மணக்கும். நல்ல மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனாலும் கோடைமழைக்குக் காத்திராமல் இவை தளிர்த்துவிடுகின்றன, ஆழத்தில் இருக்கும் ஈரமே இவற்றுக்குப் போதும். சித்திரையில் சரக்கொன்றையும் சேர்ந்துகொள்ளும். இளவேனில் என்று நாம் சொல்லும் காலம் இப்படித்தான் தொடங்குகிறது.

அதே வாரங்களில்தான் பள்ளிப் பரீட்சையும் முடிகிறது. குடும்பமாக வெளியே இறங்க வருடத்தில் இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஆனால் கண் மருத்துவராக ஒவ்வொரு ஏப்ரலிலும் நான் பார்ப்பது வேறு. லீவு விட்ட மறுநாளிலிருந்து பிள்ளைகள் ஃபேனுக்கு அடியில், திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில், கையில் ஃபோனோடு படுத்திருக்கிறார்கள். "வெளியே வெயில், உள்ளேயே இருக்கட்டும்" என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் நினைப்பது பாதுகாப்பு. கண்ணுக்கு அது பாதுகாப்பு இல்லை.

நான்காம் வகுப்பு முடித்த ஒரு சிறுமியை அவளுடைய அம்மா அழைத்து வந்திருந்தார். "டிவிகிட்டப் போய்ப் போய் உட்காருறா டாக்டர், சொன்னாக் கேட்கவே மாட்டேங்கிறா" என்பது அவருடைய புகார். சொட்டு மருந்து விட்டுச் சோதித்ததில் இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரை. அதாவது கிட்டப்பார்வை: பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். சோதனைக் கண்ணாடியை மாட்டி ஜன்னல் பக்கம் பார்க்கச் சொன்னேன். எதிரில் இருந்த வாகை மரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "அங்க காக்கா கூடு இருக்கு!" என்றாள். அவள் பிடிவாதம் பிடித்து டிவி பக்கம் போகவில்லை. தள்ளி உட்கார்ந்தால் அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தனக்குத் தெரியவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்வதே அபூர்வம்.

கிட்டப்பார்வை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், வெளிச்சத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது புரியும். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவருக்கு 23, 24 மில்லிமீட்டர். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கண் மேலும் நீண்டுகொண்டே போனால் தூரத்துப் பொருள் மங்கிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே சுமார் இரண்டரை, மூன்று மைனஸ் பவர் ஏறிவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. கண்ணாடி பார்வையைத் தெளிவாக்குமே தவிர, நீளத்தைக் குறைக்காது. பவர் மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான் சின்னப் பவர்தானே என்று நாங்கள் விட்டுவிடுவதில்லை.

இந்த நீட்சியை அடக்கி வைப்பதில் பகல் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நல்ல வெளிச்சம் படும்போது விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கண் அளவுக்கு மீறி வளராமல் தடுக்க உதவுகிறது என்பதுதான் இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். வீட்டுக்குள் விளக்குப் போட்டால் கிடைப்பது சில நூறு லக்ஸ் வெளிச்சம். வெளியே பகலில் மர நிழலில் நின்றாலும், தலையில் தொப்பி இருந்தாலும், அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் கிடைக்கும். இதைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். பிள்ளை உச்சி வெயிலில் காய வேண்டியதில்லை. நிழலே போதும், ஆனால் அது வீட்டுக்கு வெளியே உள்ள நிழலாக இருக்க வேண்டும்.

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வளரும் 6, 7 வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். பெற்றோரின் கிட்டப்பார்வை அளவு இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3 பேருக்குத்தான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடாதவர்களா? இல்லை, அவர்கள்தான் வாரத்துக்கு அதிகப் புத்தகம் படித்தார்கள். பெரிய வித்தியாசம் வெளியே இருந்த நேரத்தில் இருந்தது: அங்கே வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல், சிங்கப்பூரில் 3 மணி நேரம். பிறகு சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் அது 39 சதவீதத்தைத் தாண்டியது. தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 120 நிமிடம் வெளியே என்று திட்டமே போட்டது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் நன்றாக உதவுவது கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான். ஏற்கெனவே வந்துவிட்டால் பவர் ஏறுவதை அது எவ்வளவு தடுக்கும் என்பதற்கு அத்தனை உறுதியான சான்று கிடையாது. அதனால்தான் ஐந்திலிருந்து பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளின் லீவு எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

சரி, தைவான் சொன்ன அந்த இரண்டு மணி நேரமும் வெளியே என்ன செய்வது? கோடை முகாமில் சேர்ப்பது என்றுதான் இப்போது முதல் யோசனை வருகிறது. ஏசி அறைக்குள் நடக்கும் அபாகஸ், ஓவிய வகுப்புகளை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவை இந்தக் கணக்கில் சேராது. நம் வீடுகளில் இந்தப் பருவத்துக்கென்றே வேலைகள் இருந்தன. அவற்றைத் திரும்பத் தொடங்கினாலே போதும்.

வடாம் போடுவதையே பாருங்கள். முதல் நாள் இரவே கூழ் காய்ச்சி வைத்துவிட்டு, காலை ஆறரைக்குள் மொட்டைமாடிக்குப் போய்விட வேண்டும். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, ஆளுக்கு ஒரு கரண்டி. ஆச்சி ஊற்றுவது வட்டமாக வரும், பேரன் ஊற்றுவது இலங்கை வரைபடம்போல வரும், வரட்டும். அதன் பிறகு காக்கா விரட்டுகிற வேலை. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டு எந்தக் காக்கா எந்த மாடியிலிருந்து கிளம்புகிறது என்று கவனிக்கும் பிள்ளையின் கண்ணுக்கு, கிட்டத்தில் ஒரு வேலையும் இல்லாமல், தூரத்தையும் ஆகாயத்தையும் பார்த்தபடியே ஒன்றரை மணி நேரம் கழிந்துவிடும். ஒன்பது மணிக்குக் கீழே இறங்கிவிடலாம். மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க முடிந்தால் நான் இதைத்தான் எழுதுவேன்.

வேப்பம்பூ எடுப்பதும் காலை வேலைதான். மரத்தடியில் பழைய சேலையை விரித்துக் கிளையை உலுக்கினால் போதும். குச்சி, தூசி பொறுக்கிக் காயவைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். சித்திரை முதல் நாள் பச்சடியில் தான் எடுத்த பூ விழுந்தால், கசப்பென்று ஒதுக்குகிற பிள்ளைகூட ஒரு வாய் சாப்பிடும்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு கொடுப்பினை, ஊரைச் சுற்றி இருக்கும் குன்றுகள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனால் தாமரைக்குளம், ஆலமரம், மேலே ஏறினால் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். கொஞ்சம் தள்ளி அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். இந்தக் குன்றுகளில் வல்லூறுகளும் ராஜாளிக் கழுகுகளும் உண்டு. பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கும் பறவையை முதலில் யார் கண்டுபிடிப்பது என்று அண்ணனும் தங்கையும் போட்டி போடட்டும். பைனாகுலர் அவசியமில்லை. மலைக்குப் போக முடியாத நாளில் தெருவிலேயே குயிலைத் தேடச் சொல்லுங்கள். கூவுகிற ஆண் கறுப்பு, பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. குரல் கேட்கும் இடத்தில் ஆளைக் கண்டுபிடிப்பது லேசில்லை, நேரம் போவதே தெரியாது.

ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். "கறுத்துப்போயிடுவா டாக்டர்" என்று பத்து வயதுச் சிறுமியை உள்ளேயே வைத்திருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். அண்ணன் தெருவில் கிரிக்கெட் ஆடுவான், தங்கை ஜன்னலிலிருந்து பார்ப்பாள். இது அவளுடைய கண்ணுக்கும் எலும்புக்கும் மனதுக்கும் செய்யும் அநியாயம்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை ஒன்பதரைக்குள்ளும் மாலை நான்கரைக்குப் பிறகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாத அக்னி நட்சத்திர நாட்களில் இன்னும் கறாராக இருங்கள். பருத்தி உடுப்பு, தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லியே அனுப்புங்கள், விழித்திரை நிரந்தரமாகப் பழுதாகிவிடும்.

இந்தப் பருவத்துக்கென்றே வரும் ஒரு தொல்லையும் உண்டு. வெயில் ஏற ஏறச் சில பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பையன்களுக்கு, கண் தாங்க முடியாமல் அரிக்கும். வெள்ளை விழி செந்நிறமாகவோ பழுப்பாகவோ மாறும், நூல் நூலாகப் பீளை வரும், வெளிச்சத்தைப் பார்த்தால் கூசும். வெர்னல் என்று நாங்கள் சொல்லும் ஒவ்வாமை இது. தொற்று நோய் அல்ல. பதின்வயது முடியும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, கசக்குவது. வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்புபோலப் புடைத்துவிட வாய்ப்புண்டு. இன்னொன்று, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து. போட்டவுடன் அரிப்பு நிற்கிறதே என்று அதே பாட்டிலைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பையே அழித்துவிடும், புரையும் விழும். அரிப்புக்குச் சிகிச்சைக்கு வந்து, பார்வையில் பாதியை ஏற்கெனவே இழந்திருந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் எனக்குப் போகவே இல்லை. தயவுசெய்து சீட்டு இல்லாமல் சொட்டு மருந்து வாங்காதீர்கள். அரிக்கும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண்ணின் மேல் வையுங்கள். வெளியே போய்வந்ததும் முகம் கழுவச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் காலையைவிட மாலை தோதாக இருந்தால் மாலையில் கூட்டிப் போங்கள், வீட்டுக்குள் அடைக்க வேண்டியதில்லை.

வெளியே விளையாடும் இடத்தில் எருக்கஞ்செடி இருந்தால், அதன் பாலைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது என்று காட்டிக் கொடுங்கள். அது பட்டால் வலி பெரிதாக இருக்காது, பார்வை மட்டும் மங்கும். வலிக்கவில்லையே என்று ஒரு நாள் தள்ளிவிடுகிறார்கள். வீட்டில் வெற்றிலை போடும் தாத்தா, ஆச்சி இருந்தால் சுண்ணாம்புப் பாக்கெட் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. அமுக்கி விளையாடும்போது பீச்சியடித்துக் கருவிழியையே வேகவைத்துவிடும். இரண்டுக்கும் முதலுதவி ஒன்றுதான்: அங்கேயே, அப்போதே, கிடைக்கிற சுத்தமான தண்ணீரால் இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் கழுவுங்கள். சுண்ணாம்பாக இருந்தால் ஒட்டியிருக்கும் துகளையும் சுத்தமான ஈரத் துணியால் மெல்லத் துடைத்து எடுங்கள். அப்புறம்தான் ஆட்டோ, ஆஸ்பத்திரி எல்லாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஒரு முறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள். அப்பா, அம்மா யாருக்காவது கிட்டப்பார்வை இருந்தால் கட்டாயம் செய்ய வேண்டும். கண்ணாடி எழுதிக் கொடுத்தால் போடுங்கள், போட்டால் பவர் ஏறும் என்பது உண்மையல்ல. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பள்ளி திறந்ததும் வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள்.