அமைப்புக் கோப்பு கெட்டுப்போவது எப்படி?

பல வருடம் ஒழுங்காக ஓடிய மென்பொருள் ஒரு நாள் திறக்க மறுக்கும். நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும் அதே பிடிவாதம். விவரம் தெரிந்த ஒருவர், பயனர் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் சின்னக் கோப்பு ஒன்றின் பெயரை மாற்றுவார், சட்டென்று திறந்துகொள்ளும். எழுத்துரு, நிறம், குறுக்குவிசை என்று நாம் பார்த்துப் பார்த்து வைத்தவை மட்டும் போயிருக்கும். அவை குடியிருந்தது அந்தக் கோப்பில்தான். அமைப்புக் கோப்பு என்பது இதைத்தான். மென்பொருளை நீக்கினாலும் பெரும்பாலும் அது அங்கேயே கிடக்கும்.

பழைய நிரல்கள் அதை எழுதும் விதத்தைப் பாருங்கள். எழுதுவதற்காகக் கோப்பைத் திறந்த கணமே உள்ளே இருந்தது துடைக்கப்பட்டு அளவு 0 ஆகிவிடும். பிறகுதான் புதிய விவரம் போகும். நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வட்டு நிரம்பியிருந்தாலும் இதே கதிதான்.

'எழுதியாயிற்று' என்று இயங்குதளம் சொன்ன பிறகும் விவரம் நினைவகத்தில் காத்திருக்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தில் அரை நிமிடம்கூட. அங்கே வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடான கோப்பு முறைமைகளில் ஒன்று எக்ஸ்ட்3. அது வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை விவரங்களை வட்டில் இறக்கிவிடும். அந்த நல்ல குணத்தை நம்பியே பல நிரல்கள் பிழைத்திருந்தன. அடுத்து வந்த எக்ஸ்ட்4, வேகத்துக்காக வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. 2009-இல் புகார்கள் குவிந்தன: கணினி முடங்கி எழுந்தால் அமைப்புக் கோப்புகள் 0 பைட்! நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை. எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த தியடோர் ட்சோ, நிரல்கள் எழுதும் முறைதான் தவறு என்று வாதிட்டார். ஆனாலும் அவற்றைக் காப்பாற்ற ஒரு சமாளிப்பையும் சேர்த்துக் கொடுத்தார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. தற்காலிகக் கோப்பில் முழுதும் எழுதி, அது வட்டில் இறங்கியதை உறுதிசெய்த பிறகு பழைய பெயரை அதற்குச் சூட்டினால் போதும். எந்த நேரத்தில் முடங்கினாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுசாக மிஞ்சும்.

கோப்பு நன்றாகவே இருந்து, அதைப் படிக்கும் மென்பொருள் தடுமாறுவதும் உண்டு. திரையின் உருப்பெருக்க அளவு 0.75 என்று எழுதப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். கணினியின் மொழியை ஜெர்மனுக்கு மாற்றுகிறீர்கள். ஜெர்மனில் தசமக் குறி காற்புள்ளி. சி என்ற நிரல்மொழியின் எண் படிக்கும் வசதி கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து நடப்பதால், 0 வரை படித்துப் புள்ளியில் நின்றுவிடும். உருப்பெருக்கம் 0, சன்னலே தெரியாது. கழற்றிவிட்ட இரண்டாவது திரையில் போய்த் திறக்கும் சன்னலும் இந்த ரகம்தான். இவற்றையும் 'கோப்பு கெட்டுவிட்டது' என்றே சொல்லிவிடுகிறோம், பாவம்.

அடுத்த முறை கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்து, ஓர் உரைத் தொகுப்பியில் திறந்து பாருங்கள். அளவு 0 என்றால் எழுதும்போதே அறுந்திருக்கிறது, அல்லது எழுதியது வட்டில் இறங்கவில்லை. அளவு சரியாக இருந்து உள்ளே மதிப்பு 0 ஆன வெற்றுப் பைட்டுகள் மட்டுமே என்றால், கோப்பு முறைமை நீளத்தைக் குறித்துக்கொண்ட பிறகு விவரம் வந்து சேரவில்லை. எல்லாம் படிக்கும்படி இருந்தால், மென்பொருளைச் சந்தேகியுங்கள்.