2 ஜிபி ரேம் 3 ஜிபி ஆவது எப்படி?

“2013-இல் பள்ளியில் கொடுத்த இலவச மடிக்கணினி பரணில் கிடக்கிறது. விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டால் ஓடும் என்கிறார்கள். அதே 2 ஜிபி ரேம்தானே, எப்படி ஓடும்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

ஓடும். முதலில், வயதானால் கணினி மந்தமாகிவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுவோம். விசிறியில் தூசி அடைக்காதவரை, பிராசசர் அன்று போட்ட வேகத்தில்தான் இன்றும் கணக்குப் போடுகிறது. கூடியது மென்பொருளின் பசி. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். எல்எக்ஸ்கியூட்டி மாதிரி எளிய முகப்பு உள்ள லினக்ஸ் அந்தப் பசியைப் பாதி தணித்துவிடும். மீதியைப் பார்த்துக்கொள்வது லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் இசட்ரேம் (zram) என்ற வசதி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ரேம் நிரம்பினால், உடனே தேவைப்படாத தரவை 4 கேபி துண்டுகளாக (இவற்றைப் ‘பக்கங்கள்’ என்பார்கள்) ஹார்டு டிஸ்கிற்குத் தள்ளுவது வழக்கம். அந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. டிஸ்கைப் படிக்கும் முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு பக்கத்தைத் திரும்ப எடுக்க ஏறக்குறைய 15 மில்லி நொடி. ரேமுக்கு 100 நானோ நொடி போதும். ஒன்றரை லட்சம் மடங்கு வித்தியாசம்! திரை உறைந்து டிஸ்க் கரகரப்பது அப்போதுதான்.

இசட்ரேம் ரேமுக்குள்ளேயே ஒரு போலி டிஸ்கை உண்டாக்குகிறது. அதற்குள் போகும் ஒவ்வொரு பக்கமும் சுருக்கப்படும். ஒரே பைட் வரிசை மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், “இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட் எடுத்துக்கொள்” என்று குறித்துவைக்கும். பக்கம் முழுக்கச் சுழியமா? தரவே வேண்டாம், ஒரு குறிப்பு போதும். நிரல்கள் வாங்கிப்போட்டு நிரப்பாமல் விட்ட நினைவகம் நிறைய இருப்பதால் இப்படிப்பட்ட பக்கங்களும் ஏராளம். ஏற்கெனவே சுருக்கிய ஜேபெக், வீடியோ தரவு மட்டும் மசியாது. மற்றவை பெரும்பாலும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடும். 1 ஜிபியை ஒதுக்கினால் 2 ஜிபி சரக்கு அதில் அடங்கும். மிச்சமுள்ள 1 ஜிபியோடு சேர்த்தால் 3 ஜிபி. விரித்து எடுக்கச் சில மைக்ரோ நொடிகள்தான். டிஸ்குக்காகச் சும்மா காத்திருந்த பிராசசருக்கு அது பெரிய வேலையே இல்லை.

2014-இல் வந்த லினக்ஸ் 3.14 முதல் இது லினக்ஸின் உட்கருவான கெர்னலின் முழு உறுப்பினர். ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே உத்திதான்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த கணினிகளில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கருவிக்குச் செலவழித்த அளவு, அதைப் பழுதுபார்க்கக் கற்றுத்தரவும் செலவழித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பள்ளிக்கு ஒரு பராமரிப்பாளர் இருந்திருந்தால் இவை பரணுக்கே போயிருக்காது.

சரி, மடிக்கணினியைப் பரணிலிருந்து இறக்கியதும் முதலில் பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் கழற்றிவிட்டு, அடாப்டரை மட்டும் செருகி ஓட்டுங்கள்.