ஸ்பிளிட்: பிரிவினையா, பிளவா?

அமெரிக்கக் கார் பந்தய ரசிகர்களிடம் ‘ஸ்பிளிட்’ என்று மட்டும் சொன்னால் போதும், பந்தயத் தொடர் இரண்டாக உடைந்த 1996-ஐச் சொல்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள். தமிழில் அதைப் ‘பிரிவினை’ என்று எழுதுகிறார்கள். இன்னொரு தடவையும் பார்த்தாகிவிட்டது, இனிப் பொறுக்க முடியாது.

ஸ்பிளிட், டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பாறையில் மோதிக் கப்பல் பிளப்பதைத்தான் முதலில் குறித்தது. வேர் இவ்வளவு போதும்.

பிரிவினை என்றால் பங்கு போடுவது. அண்ணன் தம்பி உட்கார்ந்து பேசி, பத்திரம் எழுதி, இன்னது உனக்கு இன்னது எனக்கு என்று முடிப்பது. இங்கே யார் உட்கார்ந்தார்கள்? 1979 முதல் அணி உரிமையாளர்களின் அமைப்பான கார்ட் ஒரு தொடரை நடத்தி வந்தது. செலவு ஏறுகிறது, அமெரிக்க ஓட்டுநர்களுக்கு இடமில்லை என்று சொல்லி, இண்டியானாபொலிஸ் மோட்டார் ஸ்பீட்வேயின் தலைவர் டோனி ஜார்ஜ் ஐஆர்எல் (இண்டி ரேசிங் லீக்) என்ற தனித்தொடரைத் தொடங்கினார். அந்த ஸ்பீட்வேயில் ஆண்டுதோறும் நடக்கும் 500 மைல் பந்தயமான இண்டி 500-இன் 33 இடங்களில் 25 தன் தொடரில் ஓடுவோருக்கே என்றார். கார்ட் அணிகள் கோபித்துக்கொண்டு, இண்டி 500 நடந்த அதே மே 26 அன்று மிச்சிகனில் போட்டிக்கு ஒரு 500 மைல் பந்தயம் வைத்தன. (அது தொடங்கும்போதே கார்கள் மோதிக் குவிந்தது தனிக்கதை.) கார்ட் தன் தொடருக்கு வைத்திருந்த ‘இண்டிகார்’ என்ற பெயருக்கும் வழக்கு. கார்ட் அதை விட்டுவிட வேண்டும், ஐஆர்எல்லும் 2002 முடியும்வரை தொடக்கூடாது என்று முடிந்தது. இதுவா பாகப்பிரிவினை?

‘விலகல்’ என்பது இன்னும் மோசம். விலகியது யார்? ஜார்ஜ் உடைத்துக்கொண்டு போனார் என்பார் ஒருவர், கார்ட் அணிகள்தான் இண்டிக்கு வரவில்லை என்பார் மற்றவர். அந்தச் சண்டைக்கு மொழிபெயர்ப்பாளர் ஏன் தீர்ப்பு எழுத வேண்டும்? பாக்கைப் பிளந்தால் இரண்டு துண்டுக்கும் பிளவு என்றே பெயர், எது எதை விட்டுப் போனது என்று யாரும் கேட்பதில்லை. கட்சி உடைந்தாலும் பிளவு என்றுதானே சொல்கிறோம்? கையிலிருக்கும் சொல் இது.

அகராதியைத் திறந்து முதலில் கண்டதை எடுப்பவர்கள்தான் இந்த ‘ஓபன் வீல்’ பந்தயத்தைத் ‘திறந்த சக்கரப் பந்தயம்’ என்றும் எழுதுகிறார்கள். சக்கரத்துக்குக் கதவா இருக்கிறது? மட்கார்டு இல்லாமல் சக்கரம் வெளியே நிற்கிறது, ‘மூடாச் சக்கரம்’ என்று போட்டால் யாருக்கும் புரியும். இரண்டு தொடர் மறுபடி ஒன்றான 2008-ஐ ‘இணைப்பு’ என்பதும் தாராளம்தான். கார்ட் 2003-லேயே நொடித்துப்போனது. அதன் வாரிசான சாம்ப் கார் கடையைக் கட்டியபின், அணிகளில் சில எதிர்முகாமில் போய்ச் சேர்ந்தன.