ரீலுக்கு எதற்கு ஆதரவு?

‘அணிந்த ஆதரவை மாற்றவும்.’ போன வாரம் வாங்கிய ஓர் உதிரிபாகப் பெட்டிக்குள் இருந்த தாளில் தமிழில் இப்படித்தான் அச்சிட்டிருந்தது. ஏதோ கட்சி மாறச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் என் மச்சான் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறார். கிரானைட் தூள் படிந்த லாரி, சேறு அப்பிய டிராக்டர் எல்லாம் அங்கே குளித்துவிட்டுப் போகும். அவருடைய சின்ன பிரஷர் வாஷரில் ஹோஸ் சுற்றும் ரீல் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. ரீலின் தண்டை இரண்டு பக்கமும் தாங்கும் பிளாஸ்டிக் பிராக்கெட்டும், அதற்குள் தண்டு சுழலும் வளையமான புஷ்ஷும் தேய்ந்திருந்தன. கழற்றிப் பார்த்தால் புஷ்ஷின் வட்டத் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கிறது. ரீல் சாயச் சாய, தண்ணீர் நுழையும் இணைப்பில் இருந்த ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் ஒருபக்கமாக நசுங்கி ஒழுகல். “அண்ணா, ரீல் ஆட்டம் கொடுக்குது” என்று அங்கே வேலை செய்யும் தம்பி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அவன் தமிழில் ஒரு குறையும் இல்லை. பெட்டிக்குள் இருந்த தமிழில்தான் குறை.

‘அணிந்த’ என்பதை விட்டுவிடுகிறேன். தேய்ந்த பொருளுக்கும் உடுத்திய சட்டைக்கும் ஆங்கிலத்தில் ‘worn’ என்று ஒரே சொல் என்பதால் வந்த வினை அது. என் வழக்கு, ரீலைத் தாங்கும் ‘சப்போர்ட்’டுக்குப் போட்ட ‘ஆதரவு’ மேல்.

ஆதரவு, ‘ஆதரம்’ என்ற வடசொல்லின் வழி வந்தது. அன்பு, மதிப்பு, பரிவு என்று பொருள். தாங்கு நம்முடைய சொல், மலையாளத்திலும் உண்டு. ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்கிறது 151ஆம் குறள். தன்னை வெட்டுகிறவனை நிலம் தாங்குகிறதே தவிர, ஆதரிக்கவில்லை. இந்த வேறுபாடு போதாதா?

வடசொல்தான் வேண்டும் என்றாலும் எடுத்திருக்க வேண்டியது ‘ஆதாரம்’. கீழே நின்று தாங்குவது என்பது அதன் மூலப்பொருள். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் ‘ஆதார’ என்பதை இன்னும் அந்தப் பொருளிலும் சொல்கிறார்கள். தமிழில் அது சாட்சி, சான்று என்று நகர்ந்து, இப்போது அட்டையாகப் பர்ஸுக்குள் இருக்கிறது. ஆக, ஆதரவு என்று போட்டவர் வடமொழிக்கும் நியாயம் செய்யவில்லை.

எங்கள் ஊர் மாந்தோப்பில் காய் பிடித்துத் தொங்கும் பெங்களூரா கிளைக்குக் கவைக்கம்பு வைத்து முட்டுக் கொடுப்பார்கள். கிளைக்கு ஆதரவு கொடுத்தேன் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆதரவு கொடுக்க ஒரு மனசு வேண்டும். பிராக்கெட்டுக்கு ஏது மனசு? நான்கு ஸ்க்ரூதான் இருக்கிறது.

அப்படியானால் ‘தாங்கி’ என்று வைத்துவிடலாமே என்றேன். என் நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒப்பவில்லை. “தாங்கி பேரிங்குக்குப் போய்விட்டது ஐயா, கலைச்சொல் பட்டியலைப் பாருங்கள்” என்றார். இலங்கைக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியையே நீர்த்தாங்கி என்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அதனால் இதற்கு ‘ஏந்தி’ என்று வைக்க வேண்டுமாம்.

இரண்டு நாள் இதே பேச்சு. என் பதில் இதுதான். ஏந்துவது கையின் வேலை. பிச்சைப் பாத்திரத்தை ஏந்துகிறோம், பதாகையை ஏந்துகிறோம், குழந்தையை ஏந்துகிறோம். எதையும் உயர்த்தியோ நீட்டியோ பிடிக்கிறோம். ரீல் தண்டு இரண்டு பக்கமும் அடைபட்டுச் சுழல்கிறது, அங்கே ஏந்தல் எங்கே வந்தது? தாங்கி என்ற சொல்லும் தனியாக நின்று பழகியதில்லை. சுமைதாங்கி, இடிதாங்கி, விமானந்தாங்கி என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டுதான் பொருள் தரும். சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்து யாரும் பேரிங் என்று மயங்கியது கிடையாது. அதுபோல ‘ரீல்தாங்கி’. ரீல் என்ற சொல் உறுத்தினால் ‘உருளைதாங்கி’ என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு உறுத்தவில்லை. ‘பேரிங்’ பேரிங்காகவே இருக்கட்டும். பட்டறையில் அதைத் தாங்கி என்று கேட்டால் ஸ்டாண்டை எடுத்து நீட்டுவார்கள். பட்டியலில் மட்டும் வாழும் சொல்லுக்காக வாயில் வாழும் சொல்லை ஏன் விட வேண்டும்?

இந்த ஆதரவு நோய் ரீலோடு நிற்கவில்லை. போன் 5ஜியை ‘ஆதரிக்கிறது’, ஆனால் மெமரி கார்டை ‘ஆதரிக்கவில்லை’. ‘இந்த போனில் 5ஜி வரும், கார்டு போட முடியாது’ என்றால் பாட்டிக்கும் புரியும். அதே தாளில் ‘அழுத்தத்தை வெளியிடவும்’ என்று வேறு இருந்தது. விழா வைத்து வெளியிட அது என்ன புத்தகமா? 130 பார் அழுத்தத்தில் ஓடும் மெஷின். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ரீலில் கை வைக்க வேண்டும். அந்த இடத்தில் தமிழ் குழம்பினால் கை போகும்.

அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். தம்பி அதைப் படிக்கவே இல்லை. தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்தான், இல்லை. இரண்டு பக்கத்து புஷ்ஷையும் சேர்த்தே மாற்றினான், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் மறுபடி சாயும் என்றான். ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ். ஸ்க்ரூவை இறுக்கியபோது மட்டும் மச்சான் குரல் கொடுத்தார்: “பிளாஸ்டிக்குடா, மெதுவா. தாங்காது.”