சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கிறது

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் ஸ்ட்ரட்டின் (காரின் முன்சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்திருக்கும் பாகம்) நடு நட்டைக் கழற்றாதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொல்லியாகிவிட்டது. போன வாரம் இன்னொரு தம்பி தாடையில் தையலோடு வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான், எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

பழைய சான்ட்ரோ வைத்திருக்கிறார். ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், எஃப்.சி.க்கு வண்டியைக் காட்ட வேண்டும். மழைக்காலம் முடிந்ததிலிருந்து முன்பக்கம் கடகடவென்று சத்தம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் எங்களுக்கு இந்த வேலைதான். பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாமல் இறக்கி இறக்கி, இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் கிழிந்து வரும். இவர் புது ஸ்ட்ரட், அதை மேலே பாடியோடு இணைக்கும் மவுண்டிங், பேரிங் எல்லாம் ஒழுங்காகத்தான் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவில் ஸ்ட்ரட்டை முழுசாக இறக்கி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி, ஸ்பிரிங்கை நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டு நடு நட்டைத் திருகியிருக்கிறார். கடைசி மரை விட்டதும் மவுண்டிங் தாடையை உரசிக்கொண்டு போய் சீலிங்கில் அடித்து, சிமென்ட் பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கிறது. உரசியதால் தையலோடு போயிற்று. நேராகப் பட்டிருந்தால் என்னிடம் வந்து கதை சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டார்.

ஏன் தம்பி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "வண்டியிலிருந்தே கழட்டியாச்சேண்ணா. வெயிட் இல்லாதப்போ ஸ்பிரிங்ல ஏது லோடு?" என்றார்.

இந்தக் கேள்விதான் என்னை ஆத்திரப்படுத்துகிறது. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. நடுவே ஷாக் அப்சார்பரின் ராட். ராடின் உச்சியில் இருக்கும் நட்டுதான் மேல் தட்டையும் மவுண்டிங்கையும் பிடித்திருக்கிறது. அந்த ராட் ஓரளவுக்கு மேல் வெளியே வராது. உள்ளே தடுப்பு இருக்கிறது. ஆனால் ஸ்பிரிங்கின் இயல்பான நீளம் அதைவிட அதிகம். தனியாகக் கழற்றிய ஸ்பிரிங்கை, முழு ஸ்ட்ரட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பல வண்டிகளில் நாலு விரல் உயரமாவது கூட இருக்கும். அந்த நாலு விரலையும் அமுக்கித்தான் கம்பெனியில் நட்டைப் பூட்டியிருக்கிறார்கள். வண்டியின் எடை அதற்கு மேல் வருகிற கூடுதல் லோடு. நீங்கள் ஜாக்கியில் தூக்கும்போது போவது அந்தக் கூடுதல் மட்டும்தான். மிச்சம் அப்படியே உள்ளே இருக்கிறது. ஸ்ட்ரட்டைக் கழற்றி ஷெல்ஃபில் பத்து வருஷம் வைத்தாலும் அது குறையாது. அதைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு நட்டு.

"மாருதி 800 சின்ன வண்டிதானே" என்பார்கள் அடுத்து. சுமார் 650 கிலோ வண்டி. என்ஜின் முன்னால் இருப்பதால் முன்சக்கரம் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 200 கிலோவைத் தாங்கி நிற்கிறது. அதைத் தாங்குவதற்காகச் செய்த ஸ்பிரிங், அதில் ஒரு பங்கு லோடில் விடுபட்டாலே விரலுக்கும் முகத்துக்கும் போதும். "வீடியோவில் சும்மா கழற்றினார், ஒன்றும் ஆகவில்லையே" என்பதும் வரும். சில வண்டிகளில் இந்த லோடு நிஜமாகவே குறைவு. அவர் கழற்றியது அவர் வண்டி. உங்கள் வண்டியில் எவ்வளவு இருக்கிறது என்று வீடியோவுக்குத் தெரியாது.

சரி, செய்தே தீருவேன் என்றால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸரை ஒரு ஜோடியாக வாங்குங்கள், நல்லதாக. மரை தேய்ந்த, கொக்கி வளைந்த பழையதை இரவல் வாங்காதீர்கள். பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கதவு வாங்குங்கள், கண்ணாடி வாங்குங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். உயிரைப் பிடித்து நிற்கும் சாமானை மட்டும் பழசாக வாங்க வேண்டாம். இரண்டு கம்ப்ரஸரும் ஸ்பிரிங்கின் இரு பக்கமும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். மரைக்கு கிரீஸ் போட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கையால் முறுக்குங்கள். நட்டைத் தட்டித் தட்டி முறுக்கும் இம்பாக்ட் கன் கூடவே கூடாது. ஸ்பிரிங் தட்டிலிருந்து விடுபட்டுக் கையால் அசைக்க வருகிறது என்று பார்த்த பிறகே நட்டில் ஸ்பேனர் வையுங்கள். அப்போதும் மேல்முனை உங்கள் பக்கமோ, டீ கொண்டு வருகிறவர் பக்கமோ திரும்பியிருக்கக் கூடாது. நட்டோடு ராடும் சுற்றுகிறது என்று பளபளக்கும் தண்டில் பிளையர் போட்டுப் பிடிக்காதீர்கள். அந்தக் கீறல் போதும், ஆயில் சீல் கிழிந்து புது ஸ்ட்ரட் சீக்கிரமே கசிய ஆரம்பித்துவிடும். ராடின் உச்சியிலேயே பிடிக்க இடம் வைத்திருக்கிறார்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நடு நட்டைத் தொடாமல் ஸ்ட்ரட்டை அப்படியே முழுசாக இறக்குங்கள். புது ஸ்ட்ரட்டோடு சேர்த்துப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போங்கள். சுவரில் பொருத்திய கம்ப்ரஸரில் வைத்து மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே மாட்டிக்கொள்ளலாம். சொந்தமாகச் செய்த திருப்தியும் கிடைக்கும், தாடையும் மிஞ்சும். இறக்கும்போது நக்கிளை (ஸ்ட்ரட்டின் அடியில் சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள்; கம்பி போட்டுக் கட்டுங்கள். வெளிப்பக்கமாக ரொம்பச் சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்ட் உள்ளே ஜாயின்டிலிருந்து விட்டுக்கொள்ளும், வேலை இரண்டாகும்.

ஜாக்கி பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. டிக்கியில் கொடுத்த ஜாக்கி டயர் மாற்ற. வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகுதான் உடம்பின் எந்தப் பாகமும் கீழே போகலாம். ஹாலோ பிளாக் வைக்காதீர்கள், அது முன்கூட்டி விரிசல் காட்டாமல் திடீரென்று உடையும். கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்க வையுங்கள். மண் தரையிலும் சரிவிலும் வேண்டவே வேண்டாம். நமது பழைய கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் அது பிடித்தும் பிடிக்காததுதான். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள்.

மாருதி 800, ஆல்டோ பின்பக்கம் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. அங்கே ஷாக் மாற்றுவது வீட்டு வேலைதான். ஆனால் ஆக்ஸில் இன்னும் கீழே இறங்காமல் பிடித்திருப்பது அந்த ஷாக்தான். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். அம்பாசிடர்காரர்களே, உங்கள் வண்டியில் முன்னால் காயில் ஸ்பிரிங் இல்லை என்பதால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் முறுக்கிய கம்பியான டார்ஷன் பாரில் அதே லோடு இருக்கிறது, சக்கரத்தைத் தாங்கும் ஆர்மைக் கழற்றினால் அது வீசும். 2014-லேயே இந்த அம்பாசிடரும் மாருதி 800-ம் நின்றுபோயின. கடைசியாக வந்த வண்டியிலேயே போல்ட் துருப்பிடித்துத்தான் இருக்கும். முந்தின நாளே துரு ஆயில் அடித்து ஊறவிடுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டியில் பைப் போட்டு எம்பி இழுக்கக் கூடாது.

சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் மாற்றுகிறவர்கள் பாதிப் பேர் ஒரே தப்பைச் செய்கிறார்கள். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, சில மாதத்தில் கிழிகிறது, "டூப்ளிகேட் புஷ் போலிருக்கிறது" என்று கடைக்காரர் மேல் பழி விழுகிறது. போல்ட்டைச் சும்மா பிடித்து வைத்து, வண்டி தன் எடையில் நின்ற பிறகு கடைசி இறுக்கு கொடுங்கள். மாருதி 800-ல் இடது, வலது ஆர்ம்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார்தான் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் போகாமல் பிடிக்கிறது. அதன் முனை நட்டில், நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின் போட மறந்துவிடாதீர்கள். பழைய பின்னையே நிமிர்த்திப் போடாதீர்கள், புதிது சில்லறைக் காசுதான். நைலான் நட்டும் அப்படியே, ஒரு தடவைதான்.

இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முடித்ததும் நேராக வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள், நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டை ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஸ்பீடு பிரேக்கரில் மறுபடி சத்தம் வந்தாலோ, ஸ்டீயரிங் திரும்பிவிட்டுத் தானாக நேராகாமல் இழுத்தாலோ, இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரியாகும் என்று நீங்களே இறுக்க வேண்டாம். வண்டியை மெதுவாக ஓட்டி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய், என்னென்ன கழற்றினீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம்.